வளவில் பைத்தான் வகுப்பு: 1,500 ரூபாய்க்குத் தேறுமா?

கானாடுகாத்தான் பக்கம் ஒரு பழைய நகரத்தார் வீட்டில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் நடந்த பயிலரங்கம் இது. சொல்லிக் கொடுத்தது பைத்தான் நிரல்மொழியும், நிரலில் செய்கிற மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் என்ற கருவியும். தலைக்கு 1,500 ரூபாய். காலைப் பலகாரம், மதியச் சாப்பாடு, இருவேளைக் காப்பி எல்லாம் அதில் அடக்கம். தங்குவது அவரவர் பாடு. முதல் நாள் பாடம், இரண்டாம் நாள் முற்பகல் பாடம், பிற்பகலில் டெவலப்பர்கள் கூடிப் பேசும் அரங்கு. வந்தவர்கள் 46 பேர். பாதிக்குப் பாதி காரைக்குடி கல்லூரிப் பிள்ளைகள். மீதிப்பேர் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற சுற்றுவட்டார ஆட்கள், சில ஆசிரியர்கள், சென்னையிலிருந்து பல்லவன் ரயில் பிடித்து வந்த நாலைந்து பேர்.

பாடம் நன்றாக இருந்தது. சாப்பாடு அதற்கும் மேலே. சனிக்கிழமை காலை மூன்று மணி நேரம் மட்டும் சுத்தமாகத் தண்டம். நடத்தியவர்களுக்கு விஷயம் தெரியாமல் அப்படி ஆகவில்லை. வீட்டையும் மின்சாரத்தையும் இணையத்தையும் முன்கூட்டியே கணக்குப் போட்டுப் பார்க்காததால் வந்த வினை. இந்த மாதிரி நிகழ்ச்சிகள் பெரும்பாலும் சறுக்குவது இதே இடத்தில்தான் என்பதால் இதைக் கொஞ்சம் நீட்டியே எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் வீடு. முகப்பு, நடுமுற்றமான வளவு, அதற்குப் பின்னே இரண்டாங்கட்டு, அடுப்படி என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வகை. ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, பர்மாத் தேக்குத் தூண்கள், சுண்ணாம்பு பூசி இழைத்த சுவர். வெயில் காலத்தில்கூட உள்ளே சூடு ஏறாது. வகுப்பு நடந்தது வளவைச் சுற்றிய பத்தியில், அதாவது தாழ்வாரத்தில். உட்கார்ந்து பேச அதைவிடத் தோதான இடம் கிடையாது. ஆனால் வளவின் நடுவில் வானம் திறந்திருக்கிறது. பதினொரு மணிக்கு மேல் அந்த வெளிச்சம் புரொஜெக்டர் திரையைத் தின்றுவிட்டது. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தாகக் காட்டிய நிரல் ஒருவருக்கும் தெரியவில்லை. வெள்ளைப் பின்னணிக்கு மாற்றி, எழுத்தின் அளவை 24க்கு ஏற்றிய பிறகுதான் பின்வரிசை வாயைத் திறந்தது. திரையை வளவுக்கு எதிரே வைக்காமல், இரண்டாங்கட்டுக்குப் போகிற வாசலை ஒட்டி, வெளிச்சத்துக்கு முதுகு காட்டினாற்போல் வைத்திருந்தால் இந்தப் பாடே இல்லை. தூண் மறைக்கிற இடங்களில் எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கென்று இரண்டாவதாக ஒரு டிவி வைத்தது நல்ல யோசனை.

வைஃபை கதைக்கு வருவோம். ஒரே ஒரு ரவுட்டர், அதுவும் முகப்பில். வகுப்பு உள்ளே. நடுவில் முழங்கை நீளத்துக்குக் கனமான சுவர். 5 கிகாஹெர்ட்ஸ் அலை அந்தச் சுவரைத் தாண்டி வந்தபோது நுனிதான் மிச்சம். எல்லாருடைய லேப்டாப்பும் 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு இறங்கியது. அங்கே ஒன்றுக்கொன்று மோதாத அலைவரிசைகள் மூன்றுதான்: 1, 6, 11. ரவுட்டர் ‘ஆட்டோ’வில் இருந்தது, பத்துப் பேர் தங்கள் போனில் ஹாட்ஸ்பாட்டைத் திறந்ததும் அந்த மூன்றும் சந்தைக்கடை ஆனது. 46 பேர் என்றால் 46 கருவி என்று கணக்குப் போடக் கூடாது. ஆளுக்கு ஒரு லேப்டாப், ஒரு போன் என்று 92. கருவி ஒவ்வொன்றுக்கும் ரவுட்டர் கொடுக்கிற ஐபி முகவரி வரிசை நூறோடு முடிகிறது, அதையும் 24 மணி நேரத்துக்குப் பிடித்து வைத்துக்கொள்கிறது என்றால், முந்தின நாள் மேசை நாற்காலி போட வந்தவர்களின் போன்களும் அந்த நூறில் பங்கு கேட்கும். பத்தரை மணிக்கு வந்த கடைசி ஏழெட்டுப் பேருக்கு முகவரியே கிடைக்காமல் போனதை வேறு எப்படியும் விளக்க முடியவில்லை. முகவரி வரிசையை முழு 250க்கு விரித்து, பிடித்து வைக்கும் நேரத்தை ஒரு மணிக்குக் குறைத்து, வளவுக்கு ஒன்று இரண்டாங்கட்டுக்கு ஒன்று என வைஃபையைப் பரப்பும் அக்சஸ் பாயின்ட் இரண்டை ஈதர்நெட் கம்பி இழுத்து மாட்டியிருந்தால் தீர்ந்தது. கம்பியை வளவின் ஓரமாகவே கொண்டுபோகலாம், சுவரில் ஒரு ஆணிகூட அடிக்க வேண்டாம்.

மின்சாரமும் அப்படித்தான். பழைய வீட்டு வயரிங், பத்தி நெடுக நாலே நாலு பிளக் பாயின்ட். லேப்டாப் சார்ஜர் ஒன்றுக்கு 65 வாட் என்று வைத்தால் 46க்கு ஏறத்தாழ 3,000 வாட், அதாவது 230 வோல்ட்டில் 13 ஆம்பியர். ஒரு 6 ஆம்பியர் பாயின்ட் தாங்குவது 1,380 வாட், கிட்டத்தட்ட இருபது லேப்டாப். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இன்னொரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸைச் சொருகிச் சொருகி முப்பது பேரை ஒரே பாயின்ட்டில் தொங்கவிட்டதால் 11:20க்கு, சுமை கூடினால் மின்சாரத்தைத் துண்டிக்கிற எம்சிபி விழுந்தது. அதோடு ரவுட்டரும் அணைந்தது. ரவுட்டர் குடிப்பது பத்துப் பன்னிரண்டு வாட்தான். அதற்கென்று விற்கிற சின்ன 12 வோல்ட் யுபிஎஸ் ஒன்று இருந்திருந்தால், விளக்கு போனாலும் வகுப்பு நின்றிருக்காது. மதியத்துக்கு மேல் எலக்ட்ரீஷியன் வந்து மூன்று தனிச் சர்க்யூட்டிலிருந்து இழுத்துக் கொடுத்தார். அதற்கப்புறம் ஒரு தடவைகூட விழவில்லை. ஆத்தங்குடிக் கல் வழுவழுப்பானது. அதன்மேல் ஓடும் வயரை டேப் போட்டு ஒட்டாமல் விட்டால் ஜமக்காளத்தோடு சேர்ந்து நகரும், காலில் மாட்டும். இதை மட்டும் காலையிலேயே சரியாகச் செய்திருந்தார்கள்.

மூன்று மணி நேரத்தில் பெரும்பங்கு போனது இன்ஸ்டாலில். பைத்தான், கிட், நிரல் எழுதும் எடிட்டர் மூன்றும் சேர்ந்தால் ஆளுக்குச் சுமார் 200 எம்பி. 46 பேருக்கு 9 ஜிபிக்கு மேல். 50 எம்பிபிஎஸ் இணைப்பில் ஏட்டுக் கணக்குப்படி 25 நிமிடம். மேலே சொன்ன ரவுட்டரில் அது மதியம்வரை இழுத்தது. இதற்கு மருந்து நாலு பென் டிரைவ், அவ்வளவே. இன்ஸ்டாலர்களை அதில் போட்டு வரிசைக்கு ஒன்று சுற்றுக்கு விட வேண்டியதுதான். பைத்தான் நூலகங்களையும், அதாவது ஆயத்த நிரல் தொகுப்புகளையும், ‘பிப் டவுன்லோட்’ போட்டு ஒரு ஃபோல்டரில் இறக்கி வைத்துக்கொள்ளலாம். வகுப்பில் ‘நோ-இண்டெக்ஸ்’, ‘ஃபைண்ட்-லிங்க்ஸ்’ இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் இணையத்தைத் தேடாமல் அந்த ஃபோல்டரிலிருந்தே எடுத்துக்கொள்ளும். ஒரு கண்ணி உண்டு. லினக்ஸ் கணினியில் உட்கார்ந்து இறக்கினால் லினக்ஸுக்கான கோப்புகள்தான் வரும். விண்டோஸ் லேப்டாப்பில் ‘நம்பை’ என்ற கணக்கு நூலகம் மாதிரி ஒன்று ஏறாது. இறக்கும்போதே எந்த இயங்குதளம், எந்தப் பைத்தான் பதிப்பு என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். அது மட்டுமல்ல, விண்டோஸ் இன்ஸ்டாலரின் முதல் பக்கத்தில் நிரல்களை விண்டோஸ் தேடும் இடங்களின் பட்டியலான ‘பாத்’தில் சேர்க்கச் சொல்லும் கட்டத்தை டிக் செய்யாமல் விட்டவர்கள் ஒன்பது பேர். அவர்களை ‘பைத்தான்’ என்று தட்டுவதற்குப் பதில் ‘பை’ என்று இரண்டு எழுத்தைத் தட்டச் சொல்லிச் சமாளித்தது உதவியாளர்களின் கெட்டிக்காரத்தனம்.

குறை போதும், பாடத்துக்கு வருவோம்.

பயிற்சித் தரவாக ஒன்பது நகரக் கோயில்களின் பட்டியலை எடுத்திருந்தார்கள்: இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி. எங்கிருந்தோ எடுத்த ஆங்கிலப் பெயர்ப் பட்டியலை ஓட்டிக் காட்டுவதைவிட இது எவ்வளவோ மேல் என்பது முதல் பத்து நிமிடத்திலேயே தெரிந்தது, ஏனென்றால் முதல் வரியிலேயே பிழை வந்தது. சிஎஸ்வி என்ற அட்டவணைக் கோப்பைத் திறக்கும்போது, எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் குறிமுறை யுடிஎஃப்-8 என்று சொல்லாமல் விட்டால், ஆங்கில அமைப்பில் உள்ள விண்டோஸ் அதை 1252 என்ற பழைய மேற்கத்தியக் குறிமுறையாக எடுத்துக்கொள்ளும். தமிழ் எழுத்தும் அதோடு சேரும் குறியும் தனித்தனியே யுடிஎஃப்-8இல் மூன்று பைட். புள்ளியின் மூன்றாவது பைட், பதினாறடிமான எண்ணில், 8டி. உகரக் குறியின் மூன்றாவது பைட் 81. இந்த இரண்டுக்கும் 1252இல் இடமே கிடையாது. அதனால் முதல் புள்ளியிலோ முதல் உகரத்திலோ நிரல் படுத்துவிடும். ‘நிலா’ மாதிரி இப்படி இடமில்லாத பைட் எதுவும் வராத சொல் என்றால் படுக்காது, குப்பையாகக் காட்டும். ஏன் சில கோப்பு பிழை தருகிறது, சில கோப்பு கிறுக்கலாக வருகிறது என்று வருடக்கணக்கில் மண்டையைக் குடைந்த ஆசிரியர் ஒருவருக்கு இந்த விளக்கம் ஒன்றே 1,500 ரூபாய் பெறும். எக்செல்லில் சேமித்த கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி ஒட்டிக்கொண்டு வந்து, முதல் தலைப்பை மட்டும் ‘இல்லை’ என்று சொல்ல வைப்பதையும், ‘யுடிஎஃப்-8-சிக்’ என்று கொடுத்தால் அது உதிர்ந்துவிடுவதையும் சேர்த்தே காட்டினார்கள்.

அடுத்தது நீளம். பிள்ளையார்பட்டியை எண்ணச் சொன்னால் நமக்கு எட்டு எழுத்து: பி, ள், ளை, யா, ர், ப, ட், டி. நீளத்தை எண்ணிச் சொல்லும் பைத்தானின் ‘லென்’ சொன்னது 15. உயிர்மெய்யின் குறியையும் புள்ளியையும் அது தனித்தனியாக எண்ணுகிறது. ‘ப’ ஒன்றுதான் குறி இல்லாமல் நின்று ஒன்றாக எண்ணப்படுகிறது. தமிழுக்கென்றே எழுதிய ஓப்பன்-தமிழ் நூலகத்தை வைத்து எழுத்தாகப் பிரித்ததும் எட்டு வந்தது. இதை எல்லாரும் தங்கள் பெயரில் போட்டுப் பார்த்த பத்து நிமிடம்தான் இரண்டு நாளில் வளவு அதிகம் இரைச்சலாக இருந்த நேரம்.

அகரவரிசைப் பயிற்சிதான் இந்தப் பயிலரங்கின் உச்சம். ஒன்பது கோயிலையும் ‘சார்ட்டட்’ போட்டு வரிசைப்படுத்தினால் இரணியூரில் தொடங்கி வைரவன்பட்டியில் சரியாக முடிகிறது. எல்லாரும் சரி என்று தலையாட்டினார்கள். சரியாக வந்தது அதிர்ஷ்டத்தால் என்பதைக் காட்ட அடுத்து மூன்று ஊர்ப் பெயரைக் கொடுத்தார் பயிற்றுநர்: கண்டரமாணிக்கம், கண்டவராயன்பட்டி, கண்டனூர். நம் நெடுங்கணக்கில் ர, வ, ன என்று போகும், அதனால் கண்டனூர் கடைசி. எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கும் யூனிகோடில் ‘ன’வை ‘ந’வுக்கு அடுத்தே உட்கார வைத்திருக்கிறார்கள்; ஆகவே பைத்தான் கண்டனூரைத் தூக்கி முதலில் போட்டது. “எங்க ஊரு முதல்ல வர்றதுதாண்ணே சரி, அப்படியே விட்ருங்க” என்று பின்னாலிருந்து ஒரு குரல். ‘ற’வும் இதே மாதிரி ‘ர’வுக்குப் பக்கத்தில் ஒட்டி நிற்கிறது. தீர்வை இரண்டு படியாகச் சொல்லிக் கொடுத்தார்கள். க முதல் ன வரை பதினெட்டு மெய்யையும் நம் வரிசைப்படி ஒரு சரமாக எழுதி வைத்து, ஒவ்வொரு எழுத்துக்கும் அதில் உள்ள இடத்தை எண்ணாக எடுத்து, அந்த எண்ணை வரிசைக்குச் சாவியாகக் கொடுப்பது முதல் படி. சொந்த வேலைக்கு அது போதும். ஊர் முழுக்க ஓடப்போகிற மென்பொருள் என்றால் ஐசியு என்ற பன்மொழி நூலகத்தின் தமிழ் விதியைப் பிடித்துக்கொள்வது இரண்டாவது. வாக்காளர் பட்டியல், மாணவர் பட்டியல் என்று வேலை பார்ப்பவர்கள் இந்த ஒரு மணி நேரத்தைத் தவறவிடக் கூடாது.

கிட் வகுப்பு அந்த அளவுக்கு இல்லை. மாற்றத்தைப் பதிகிற ‘கமிட்’, தனிக் கிளை பிரிக்கிற ‘பிராஞ்ச்’ வரை நன்றாகப் போனது, இணையத்துக்கு ஏற்றுகிற ‘புஷ்’ஷில் முட்டியது. நிரல்களைச் சேமித்து வைக்கும் இணையதளமான கிட்ஹப் 2021 ஆகஸ்ட் 13 முதல் கிட் வேலைகளுக்குக் கடவுச்சொல்லை ஏற்பதில்லை; அதற்குப் பதில் அங்கே உருவாக்கி எடுக்கிற டோக்கன் என்ற நீளக் குறியீடோ எஸ்எஸ்எச் சாவியோ வேண்டும். விண்டோஸ்காரர்களுக்கு பிரவுசர் திறந்து தானே முடித்துக்கொள்கிறது. லினக்ஸ் வகையான உபுண்டு வைத்திருந்த பன்னிரண்டு பேர்தான் மாட்டிக்கொண்டார்கள். டோக்கனை ஒட்டும்போது, கட்டளை தட்டுகிற டெர்மினல் திரையில் ஒரு நட்சத்திரம்கூடத் தெரியாது. ஒட்டவில்லை போலிருக்கிறது என்று மறுபடி மறுபடி ஒட்டி, டோக்கன் இரட்டிப்பாகிப் பிழை வாங்கினார்கள். அத்தோடு உள்ளூரில் கிளையின் பெயர் ‘மாஸ்டர்’, கிட்ஹப்பில் ‘மெயின்’ என்ற பழைய குழப்பம் வேறு. இந்த இரண்டையும் அரைப் பக்கத் தாளில் அச்சடித்துக் கொடுத்திருக்கலாம்.

பயிற்சியின் அமைப்பிலும் ஒரு தவறு. ஒரே கோப்பின் கடைசி வரியில் 46 பேரும் தங்கள் பெயரைச் சேர்த்து, மாற்றத்தை ஏற்கச் சொல்லும் புல் ரிக்வெஸ்ட் அனுப்ப வேண்டும் என்றார்கள். முதல் ஒன்றைச் சேர்த்தவுடன் மீதி 45க்கும் கான்ஃப்ளிக்ட், அதாவது ஒரே வரியில் இரண்டு மாற்றம் மோதுவது. கான்ஃப்ளிக்ட் என்றால் என்ன என்று காட்ட நாலு பேருக்கு ஒரு ரெப்போ, அதாவது நிரல் தொகுப்பு, கொடுத்தால் போதும். மற்றபடி ஆளுக்கு ஒரு கோப்பு. அடுத்து, நிரலிலிருந்தே கிட்ஹப்பிடம் தகவல் கேட்க உதவும் ஏபிஐயை அழைக்கிற பயிற்சி வந்தபோது இன்னொன்று தெரிந்தது: டோக்கன் இல்லாமல் அழைத்தால் ஒரு ஐபி முகவரிக்கு மணிக்கு 60 அழைப்புதான். அந்த வீட்டுக்கு வெளியே தெரிகிற ஐபி ஒன்றே ஒன்று. ஆளுக்கு ஒன்றரைத் தடவை அழைப்பதற்குள் கதவு சாத்தியாகிவிட்டது. டோக்கன் வைத்தால் கணக்குக்கு மணிக்கு 5,000. பதிலை ஜேசன் என்ற தரவு வடிவில் ஒரு கோப்பாக முன்பே சேமித்து வைத்திருந்தால் இணையமே தேவைப்பட்டிருக்காது.

உதவியாளர்கள் ஆறு பேர். எட்டுப் பேருக்கு ஒருவர் என்ற இந்த விகிதம் சரியானது. ஆய்வாளர்களுக்கு நிரல் எழுதக் கற்றுத்தரும் சாஃப்ட்வேர் கார்பென்ட்ரி அமைப்பின் வகுப்புகளில் பழகிய முறைப்படி ஆளுக்கு இரண்டு நிறத்தில் ஒட்டுத்தாள் கொடுத்திருந்தார்கள். முடித்தவர் பச்சையை லேப்டாப் மூடியில் ஒட்ட வேண்டும், சிக்கியவர் சிவப்பை. கை தூக்கக் கூச்சப்படுகிற பிள்ளைகள் சிவப்பை ஒட்டத் தயங்கவில்லை. எல்லாக் கல்லூரி லேபிலும் இதைக் கொண்டுவரலாம்.

சாப்பாடு. காலையில் இடியாப்பம், கோசமல்லி, வெள்ளைப் பணியாரம், வரமிளகாய்ச் சட்டினி. மதியம் இலை போட்டு சைவம், முடிவில் கவுனி அரிசி. நிகழ்ச்சி நிரலில் மதியத்துக்கு 45 நிமிடம் போட்டிருந்தது வேடிக்கை. இரண்டு பந்தி போட்டு இரண்டாங்கட்டில் பரிமாறி எழ ஒன்றேகால் மணி நேரம் ஆனது, ஆகத்தான் செய்யும். கவுனி அரிசிக்கு மேல் இரண்டரை மணிக்கு டேட்டா டைப் பற்றி ஸ்லைடு போட்டால் யார் விழித்திருப்பார்கள்? ஞாயிற்றுக்கிழமை புத்தி வந்து, அந்த நேரத்தில் இருவர் இருவராக உட்கார்ந்து நிரல் எழுத வைத்தார்கள். ஒருவர் தட்ட வேண்டும், மற்றவர் சொல்ல வேண்டும், பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை மாற வேண்டும். தூக்கம் போயிற்று.

ஞாயிறு பிற்பகல் கூட்டத்துக்கு மட்டும் தனிக் கட்டணம் வாங்கினாலும் கொடுக்கலாம். முன்கூட்டித் தலைப்பு கிடையாது. ஒரு தாளில் எழுதி நேரக் கட்டத்தில் மாட்ட வேண்டும், யாருக்குப் பிடிக்கிறதோ அவர்கள் கூடுவார்கள். இழைத்த சுவரில் டேப் ஒட்டினால் பூச்சு பெயரும் என்று வீட்டைப் பார்த்துக்கொள்கிற ஐயா காலையிலேயே கறாராகச் சொல்லிவிட்டதால், இரண்டு தூணுக்கு நடுவே கொடிக்கயிறு கட்டித் துணி கிளிப்பில் தாள்களைத் தொங்கவிட்டிருந்தார்கள். தலைப்பை இடம் மாற்றுவது அதில்தான் சுலபம். நான்கு மூலையிலும் நான்கு பேச்சு ஒரே நேரத்தில் ஓடியபோது எதிரொலி தொந்தரவாக இருந்தது. இரண்டை முகப்புக்கு அனுப்பியிருக்கலாம். காஞ்சி, விழுப்புரம் லினக்ஸ் பயனர் குழுக்கள் மாதிரித் தொடர்ந்து கூடுகிற குழு காரைக்குடியில் ஏன் இல்லை என்ற பேச்சுக்குத்தான் கூட்டம் அதிகம். இடம், நாள், பொறுப்பாளர் மூன்றையும் எழுதாமல் கலைந்தார்கள் என்பது வருத்தம்.

யார் போகலாம்? ஓரளவு நிரல் எழுதிப் பழகி, தமிழ்த் தரவோடு மல்லுக்கட்டுகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு போகலாம். பைத்தானை முதன்முதலாகத் தொடுகிறவர்களுக்கு வேகம் அதிகம். கிட் மட்டும் கற்க வருபவர்களுக்கு இந்தப் பணம் வேண்டாம். போகிறவர்கள் மூன்று இன்ஸ்டாலையும் வீட்டிலேயே முடித்து, கிட்ஹப் டோக்கனையும் எடுத்து வைத்துக்கொண்டு கிளம்புங்கள். மூன்று பிளக் உள்ள நீள எக்ஸ்டென்ஷன் ஒன்று கையில் இருந்தால் பக்கத்து ஆளும் வாழ்த்துவார். நிகழ்ச்சி ஞாயிறு ஐந்து மணிக்கு முடிகிறது, பல்லவனோ காரைக்குடியிலிருந்து அதிகாலையில் கிளம்புகிற வண்டி. சென்னைக்காரர்கள் திங்கள் விடுப்பு போட வேண்டும் அல்லது இரவு பஸ் பார்க்க வேண்டும்.

சான்றிதழைப் பிடிஎஃப்ஆக மின்னஞ்சலில் அனுப்பினார்கள். ‘செ’, ‘மே’ என்று தொடங்கும் பெயர்களிலெல்லாம் கொம்பு எழுத்துக்கு வலப்புறம் போய் நின்றது. யூனிகோடில் கொம்பு மெய்க்குப் பின்னால்தான் சேமிக்கப்படுகிறது. வரையும்போதுதான் அதை முன்னால் கொண்டுவர வேண்டும். அந்த வேலையைச் செய்யாத பிடிஎஃப் நூலகத்தைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். பிள்ளையார்பட்டிக்கு எட்டு எழுத்து என்று சொல்லிக் கொடுத்தவர்களுக்கு இது தெரியாமல் இருக்காது, அவசரம்தான். எச்டிஎம்எல்லில் எழுதி பிரவுசரிலிருந்து பிடிஎஃப் எடுத்திருந்தால் சரியாக வந்திருக்கும். செவ்வாய்க்கிழமை அப்படியே செய்து எல்லாருக்கும் மறுபடி அனுப்பிவிட்டார்கள்.